வெள்ளை முனை மட்டும்

அதிபர் ஜெயரட்ணம் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததும் சந்திரகாந்தா பயத்தில் அடுப்படிக்குள் நழுவித் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

இரத்தோட்டையில் அவருடைய பள்ளிக்கூடத்தில் அவள் தொண்டர் ஆசிரியை. சம்பளம் என்று பெரிதாக இல்லாமல் சங்கீதம் படிப்பிக்கிறாள். நிரந்தர நியமனம் கிடைக்க வேண்டுமென்றால் அதிபரின் சிபாரிசு வேண்டும். அந்த மனிதரோ போன தவணையில், காரணம்கூடச் சொல்லாமல், அவளுடைய வகுப்பை ரோட்டோர மண்டபத்திலிருந்து தூக்கிப் பின்னால் சாமான் அறைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். கண்ணில் படாத இடத்தில் ஒதுக்கிவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. போன வருடக் கடைசியில் பிள்ளைகளிடமிருந்து தொற்றிய, கன்னம் வீங்கும் கூகைக்கட்டில் அவளுடைய இடது காது அடியோடு போய்விட்டது. இனித் திரும்பாது என்று கண்டி டாக்டர் சொல்லிவிட்டார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கூடப் பிறந்த தம்பி லெட்சுமணனுக்கே தெரியாது. ஒரு காது கேட்காத சங்கீத டீச்சரை யார் நிரந்தரமாக்கப் போகிறார்கள்?

சுருதி பிடிக்க ஒரு காது போதும். ஆனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் அவளால் சொல்லவே முடியாது. வகுப்பில் யாராவது கூப்பிட்டால் தவறான பக்கம்தான் திரும்புவாள்.

கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த லெட்சுமணன் அக்காவுக்காக ஒரு ஜோடி ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தான். அதைக் கலைவிழாவுக்கு இரவல் கேட்கத்தான் அதிபர் வந்திருந்தார். லெட்சுமணன் அவரிடம் படித்தவன். கதிரை இழுத்துப் போட்டு உட்காரவைத்துவிட்டு, ஒரு பாடமே நடத்தத் தொடங்கிவிட்டான்.

இதற்குத் தனியாக அம்ப்ளிஃபையர் வேண்டாம், பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்றான். டிவிடி பிளேயரிலிருந்து ரெண்டு விதமாகக் கொடுக்கலாம். சிவப்பு, வெள்ளை முனை வைத்த பழைய வயர் அனலொக். இந்த மெல்லிய கறுப்பு வயர் டிஜிட்டல். இதற்குள் போவது வெளிச்சம். கறுப்பில் போட்டால் இரைச்சல் இருக்காது, இடம் வலம் துல்லியமாகப் பிரியும்.

"அக்காவ வச்சே காட்டுறேன் சேர். அக்கா, நடுவுல உக்காந்து கண்ண மூடிக்க. வயலின் எந்தப் பக்கம், மிருதங்கம் எந்தப் பக்கம்னு சொல்லு. எங்க அக்கா காதுக்கு ஒண்ணும் தப்பாது சேர்."

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று அவள் எழும்பப் பார்த்தாள்.

"தேத்தண்ணி எங்கயும் ஓடிறாது. நீ உக்காரு."

அதிபர் தொண்டையைச் செருமினார். "தம்பி, முதல்ல பழைய வயரில போடுங்கோ."

அதெல்லாம் இப்போது யார் போடுகிறார்கள் என்று லெட்சுமணன் சிரித்தான். அதிபர் விடுவதாக இல்லை. பள்ளிக்கூடத்துப் பிளேயர் பழசு, அதில் வெளிச்சமும் கிளிச்சமும் வராது என்றார். சொன்னதோடு நிற்காமல், வயர்ப் பையைத் தானே கிண்டி ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் ஒற்றை முனை, மறுபக்கம் இரட்டை முனை. ஒற்றையைப் பிளேயரின் வெள்ளை ஓட்டையில் குத்தினார். இரட்டையை ஸ்பீக்கர்களில் குத்தினார்.

"சேர் இன்னும் கேசட் காலத்துலயே நிக்கிறீங்க" என்றபடி லெட்சுமணன் பாட்டைப் போட்டான்.

சந்திரகாந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வயலின் எந்தப் பக்கம்க்கா?"

இடம் என்று சொல்வதா, வலம் என்று சொல்வதா? தவறிப்போனால் எல்லாம் போச்சு.

"எனக்கும் தெரியேல்லையே" என்றது அதிபரின் குரல். "ரெண்டு பெட்டியும் ஒண்டையேதானே சொல்லுது?"

லெட்சுமணன் ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டான். மிருதங்கத்தையே காணோம் என்று முணுமுணுத்தான். பிளேயரின் பின்புறம் எட்டிப் பார்த்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சேர், வெள்ளைய மட்டும் குடுத்திருக்கீங்க. ஒரு பக்கத்துச் சத்தம்தான் ரெண்டுக்கும் போகுது. இதுல யாரு வந்தாலும் பக்கம் சொல்ல ஏலாது."

"வயசு போச்சுது தம்பி" என்று அதிபர் தலையைச் சொறிந்தார்.

லெட்சுமணன் கறுப்பு வயரை எடுப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். பலாபத்வலைக்குப் போக வேண்டும், பொழுதுபடுவதற்குள் இராணுவச் செக் பொயின்டைத் தாண்டினால்தான் வீடு. விழாவுக்கு நீங்களே வந்து வயர்களைப் பூட்டித் தாருங்கோ என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்.

சந்திரகாந்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இவ்வளவு படித்த மனிதருக்கு ஒரு வயரைக் குத்தத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் இளக்காரமாகவும் இருந்தது. அந்தத் தெரியாத்தனம் வாழ்க என்று நினைத்துக்கொண்டு கேட் வரை வழியனுப்பப் போனாள்.

அவளுக்கு இடப்பக்கமாக நடந்துவந்த அதிபர் நின்றார். சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்கட சிபாரிசு போன கிழமையே வலயக் கல்விக் கந்தோருக்குப் போயிட்டுது, டீச்சர்."

அவர் சுற்றி வந்து வலப்பக்கம் நிற்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. "சேர், அந்த வயர்..." என்று இழுத்தாள்.

"நான் கனகாலம் பௌதிகம் படிப்பிச்சனான். வெள்ளை ஓட்டைக்குள்ளால என்ன வரும் எண்டு தெரியாமலே குத்தினனான்?"

கேட்டைத் திறந்து, குடையை விரித்தார்.

"அந்த ரோட்டு லொறிச் சத்தத்துக்குள்ள ஒத்தைக் காதால எவ்வளவு நாளைக்குத்தான் சுருதி பிடிப்பீங்கள், டீச்சர்? அதுதான் வகுப்பைப் பின்னுக்கு மாத்தினனான்."