பிரபு வீட்டுப் பிள்ளை

"அண்ணை, பிள்ளை ஓமெண்டு ஒரு சொல் சொன்னால் போதும். பாஸ்டரோட கதைச்சு நாள் வைப்பம்," என்றாள் ஜெபமலர். மகன் ரஜிதனுக்குப் பெண் கேட்டு டென்மார்க்கின் விபோர்க்கிலிருந்து சில்க்போர்க்கிலுள்ள அண்ணன் வீட்டுக்கு அவனோடு வந்திருந்தாள்.

"என்ர சொல்லை நிறோஷினி தட்டாள்," என்றார் கிறிஸ்துநாயகம். "சுண்டுக்குளிக் காணியில பாதி சீதனம். மருமகன் என்ன, பிறத்தி ஆளே?"

தானதர்மம் செய்கிறவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மனம் என்னவோ மற்றப் பாதியில்தான் இருந்தது. அதில் மாடி வீடு கட்ட யாழ்ப்பாணத்தில் மேசனைக்கூடப் பிடித்தாயிற்று.

ஆனால் நிறோஷினி கோப்பியைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தாள். அவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

"யூனிவசிற்றியில என்ன படிக்கிறாய் எண்டு மாமிக்குச் சொல்லு, பிள்ளை."

"இங்கிலாந்தின்ர வடக்கும் ஸ்கொட்லாந்தின்ர தெற்கும், மாமி. அந்தக் காலத்துப் பிரபுக்கள்."

"ராசா ராணிக் கதையோ?"

"காணிக் கதை. அங்க காணிக்காரன் ஒருத்தன் செத்தால், அவன்ர சின்னப் பிள்ளை பிரபுவின்ர பொறுப்புக்குப் போயிடும். காணியும்தான். பிள்ளை வளருமட்டும் விளைச்சலெல்லாம் பிரபுவுக்கு. கலியாணமும் அவர் பேசுறதுதான். கனபேர் தங்கட சொந்தத்துக்குள்ளயே முடிச்சு வைச்சவை. காணி வெளியில போகாதெல்லே."

"அந்தப் பிள்ளையின்ர விருப்பத்தை ஒருத்தரும் கேக்கிறேல்லையோ?" என்றான் ரஜிதன்.

"கேட்பினம். மாட்டன் எண்டால் தண்டம் கட்ட வேணும்."

ஜெபமலர் ஏனோ கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துநாயகத்துக்கு உண்மையாகவே கோபம் வந்தது. சில்க்போர்க் சபையில் ஜெபம் நடத்தும் குரல் தானாக வந்துவிட்டது.

"அவங்களும் மனுசரே? தாய் தகப்பன் இல்லாத பிள்ளையின்ர சொத்தைத் தின்னுறவனைக் கர்த்தர் சும்மா விடார். சாப்பாடு போட்டால் சரியே? அதுக்குப் பிள்ளையையும் காணியையும் சேர்த்து விழுங்கிறதே?"

தன் பேச்சில் தானே உருகிப்போய், "கடைசியில அந்தப் பிள்ளை என்ன செய்தது?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

நிறோஷினி அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"வளர்ந்தாப்பிறகு, செத்த தகப்பன்ர காணியைத் திருப்பிக் கேட்டது. பாதியில்லை, முழுக் காணியையும். நானும் அதைத்தான் கேக்கிறன், பெரியப்பா."