ஐந்தாவது சட்டம்

“தாள் நுழையுதுண்ணே. இதுவும் ஆகாது. வேற செய்ங்க.”

செக்கிட்டோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இது நாலாவது சட்டம். பில்லியர்ட்ஸ் மேசையில் ஆட்டம் தொடங்கும் முன் பதினைந்து பந்துகளையும் சேர்த்து நிறுத்துகிற சாதாரண முக்கோணச் சட்டம். மசாகா கடைத்தெருவில் பிளாஸ்டிக்கில் எத்தனையோ கிடைக்கிறது. இந்தக் கிபிராங்கோவுக்கு அது ஆகாதாம். முவூலே மரத்தில் கையால் இழைத்தது வேண்டுமாம். பந்தோடு பந்து ஒட்டி நிற்க வேண்டுமாம்.

“எங்கய்யா நுழையுது? கண்ணைத் திறந்து பாருங்க!”

கிபிராங்கோ பார்க்கவில்லை. வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தின் மூலைகளை விரலால் மெதுவாகத் தடவினான். பிறகு ஒரு சிகரெட் தாளை எடுத்து, நடுவில் இருந்த கறுப்புப் பந்துக்கும் பக்கத்துப் பந்துக்கும் இடையே விட்டான். தாள் வழுக்கிக்கொண்டு போயிற்று.

“பந்து ஒட்டலைன்னா மொத அடியே செத்துப் போயிடும்ணே. உங்களால முடியும்.”

பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து நமுத்து எட்டிப் பார்த்தாள். “செக்கிட்டோ அண்ணே, இருபது வருசத்துல உங்ககிட்டக் குறை சொல்ற மொத வாடிக்கைக்காரர் இவருதான்!”

தெருவே சிரித்தது. செக்கிட்டோ செய்வது சவப்பெட்டி.

மூடியை வைத்தால் மூடிய கோடு தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை. ஆனால் அழுகிற வீட்டில் யார் பொருத்தைப் பார்க்கிறார்கள்? சந்தையில் அவர் கையை நீட்டினால், “அளவெடுத்துடாதப்பா” என்று நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பேச்சு இன்றைக்கும் அவருக்கு வலித்தது. பில்லியர்ட்ஸ் கிளப்காரர் மட்டும் வாக்குக் கொடுத்திருந்தார்: “தாள் நுழையாத சட்டம் ஒண்ணு செஞ்சு காட்டு. பன்னிரண்டு எடுத்துக்கறேன்.” அது நடந்தால் வாசலில் அடுக்கிய பெட்டிகளை எடுத்துவிட்டு, உயிரோடு இருப்பவர்களுக்காக வேலை செய்யலாம்.

இவன் தாளுக்குத் தேறினால் கிளப்புக்கும் தேறும் என்றுதான் இந்தப் பிடிவாதக்காரனைப் பொறுத்துக்கொண்டார். புகாக்காட்டா பக்கம் ஊர் என்று சொன்னான். தினமும் உச்சி வெயிலில் பந்துப் பையோடு வருவான். நமுத்து கொடுத்த தேநீர் ஆடை படிந்து ஆறிப்போகும், தொட மாட்டான். எல்லோரும் விலகி நடக்கிற பெட்டிகளில் ஒன்றின் மேல் சாய்ந்து, சொந்த வீட்டுக் கட்டில் போல, வசதியாக உட்கார்ந்துகொள்வான். அதைப் பார்க்கும்போதெல்லாம் செக்கிட்டோவுக்கு முதுகு கூசியது.

ஐந்தாவது சட்டத்துக்கு மூலைகளை மூன்று முறை வெட்டினார். உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, பந்தை வைத்து வைத்துப் பார்த்தார். மறுநாள் மதியம் கிபிராங்கோ பந்துகளை அடுக்கிச் சட்டத்தை இழுத்தான். பதினைந்தும் ஒரே கல்லாக நின்றன.

தாள் நுழையவில்லை. வேறு இடத்தில் விட்டான். அங்கேயும் மடங்கியது. கண்ணை மூடி மூன்று மூலைகளையும் தடவியவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

“இதாண்ணே! இதுதான் உங்க வேலை!”

செக்கிட்டோவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இருபது வருசமாச்சு தம்பி. என் வேலையை ஒருத்தர் வாயால நல்லா இருக்குன்னு கேக்கறது இன்னைக்குத்தான்.”

கையை நீட்டினார். கிபிராங்கோ விலகாமல், இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். அந்தச் சந்தோஷத்தில்தான் அவருக்குக் கேட்கத் தோன்றியது.

“ஊர்ல இத்தனை தச்சன் இருக்கான். சவப்பெட்டிக்காரனைத் தேடி ஏன் வந்தீங்க? என் வேலையைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலைண்ணே,” என்று பந்துகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டான் கிபிராங்கோ. “போன ஈஸ்டருக்கு என்னை வச்சு மூடுன பெட்டி நீங்க செஞ்சது. முழிப்பு வந்ததுலருந்து கடைசி மூச்சு வரைக்கும் மூலை மூலையாத் தடவிப் பாத்தேன், காத்து வர ஒரு வழிகூடக் கிடைக்கலை.”