மானிட்டர் இல்லாத பெட்டி

“இந்த ஓட்டைப் பெட்டிய எடைக்குப் போட்டுறலாமா சார்? மானிட்டர்கூட இல்ல, சும்மா எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு” என்றாள் ஆரோக்கிய ஷீலா.

மரிய ஜெரால்டு ஓடிவந்து பெட்டிக்குக் குறுக்கே நின்றான். காரைக்குடியின் அந்த மாடிக் கம்ப்யூட்டர் சென்டரில் அவன்தான் தலைமை ஆசிரியர். தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் ஷீலாவுக்கு அவன் எழுதிய இருபத்துமூன்று காதல் கடிதங்கள் அந்த ஓட்டைப் பெட்டிக்குள்தான் இருந்தன. ஒன்றைக்கூட இதுவரை கொடுத்ததில்லை.

“ஐயையோ, தொட்டுறாதீக மிஸ்! அது டிஸ்க்கு.”

“இம்புட்டுப் பெரிய டிஸ்க்கா?”

போதாதா? ஜெரால்டு பாடம் நடத்தத் தொடங்கிவிட்டான். சாப்பிட்டாயா என்று கேட்டாலே அரை மணி நேரம் பாடம் எடுக்கிற ரகம் அவன்.

“பழைய கம்ப்யூட்டர் மிஸ் இது. பத்திரிகையோட ஓசியா வந்த சிடியில இருந்து விண்டோசுக்குப் பதிலா லினக்ஸ் ஏத்தி, ‘நீ இனிமே கம்ப்யூட்டர் இல்ல, வெறும் டிஸ்க்கு’ன்னு சொல்லி வச்சிருக்கேன். மத்த மெஷினெல்லாம் ஒயர் வழியா இதப் பாத்துட்டு, தனக்கு இன்னொரு டிஸ்க் இருக்குன்னு நம்பிரும். இதுல உள்ள ஃபைல எந்த மெஷின்ல இருந்தும் தெறக்கலாம். உங்க மெஷின்ல எச் டிரைவ்னு தெரியுதுல்ல, அது இதுதான். மூணு மாசம் பட்ட பாடு!”

அதில் இரண்டரை மாதம் ஒயரைத் தப்பான ஓட்டையில் சொருகி வைத்திருந்ததை அவன் சொல்லவில்லை. எதற்கு வீணாகச் சொல்லிக்கொண்டு?

“இதுதான் எச் டிரைவா!” ஷீலாவின் கண்கள் விரிந்தன. கைக்குட்டையை எடுத்துப் பெட்டியின் தூசியைப் பதமாகத் துடைத்தாள். “எடைக்கெல்லாம் போட வேணாம் சார். பத்திரமா இருக்கட்டும்.”

லினக்ஸின் அருமை ஒரு டைப்பிங் டீச்சருக்கே புரிந்துவிட்டதே என்று ஜெரால்டுக்குப் பெருமை தாங்கவில்லை. கடிதங்களைப் பற்றியும் அவனுக்குக் கவலை இல்லை. ‘லினக்ஸ் மேனுவல் 1’, ‘லினக்ஸ் மேனுவல் 2’ என்றுதான் அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தான். மேனுவல் என்கிற கையேட்டை அவனே திறந்து பார்க்க மாட்டான், வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?

“அப்புறம் சார், நாளைக்கு ஞாயித்துக்கிழமை கிளாசுக்கு நான் வர மாட்டேன். திருச்சியில இருந்து பொண்ணு பாக்க வாராக.”

சொல்லிவிட்டு அவள் மாலை பேட்ச் பக்கம் போய்விட்டாள். ஜெரால்டுக்குப் பெருமையெல்லாம் இறங்கிப்போனது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

தன் மெஷினில் உட்கார்ந்து இருபத்துமூன்று கடிதங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒன்றில் நிலாவை வம்புக்கு இழுத்திருந்தான். இன்னொன்றில் அவள் வருகிற பஸ்ஸின் நம்பர் பிளேட்டைப் புகழ்ந்திருந்தான். எழுதும்போது கம்பீரமாக இருந்ததெல்லாம் இப்போது கூச்சமாக இருந்தது. எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிதாக ஒன்று அடித்தான்.

‘மதிப்பிற்குரிய மிஸ் அவர்களுக்கு, தங்களை மணந்துகொள்ள விரும்புகிறேன். தங்களுக்கும் சம்மதமெனில் தயவுசெய்து தெரிவிக்கவும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, மரிய ஜெரால்டு.’

மூன்று நாள் காய்ச்சலுக்கு லீவு கேட்பதுபோல இருந்தது. ஆனாலும் கௌரவமாக இருந்தது.

பிரிண்டர் போட்ட கூச்சலில் மாலை பேட்ச் எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காகிதத்தை மடித்து வருகைப் பதிவேட்டுக்குள் வைத்து, “இதக் கொஞ்சம் பாத்துட்டுக் குடுங்க மிஸ்” என்று நீட்டினான்.

ஷீலா நின்றபடியே பிரித்துப் படித்தாள். கீபோர்டுச் சத்தம் மொத்தமாக நின்றுபோயிருந்தது. கத்துவாளா, அப்பாவிடம் சொல்வாளா, ஒன்றும் பேசாமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாளா என்று ஜெரால்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காகிதத்தின் பின்பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது.

“இம்புட்டுத்தானா?” என்றாள்.

போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தான் ஜெரால்டு. “தப்பா எடுத்துக்காதீக மிஸ். கிழிச்சுப் போட்டுருங்க.”

“போங்க சார், அந்தப் பன்னெண்டாவது மேனுவலத்தான் குடுப்பீகன்னு பேட்ச் மொத்தமும் ஒரு மாசமாக் காத்துக்கிட்டு இருக்கோம்!”