கேமராவைப் பார்க்காதவர்கள்

"யாரும் கேமராவைப் பாக்கக்கூடாதுண்ணே. அவிய அவிய பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க உங்க பாட்டுக்கு எடுங்க" என்றாள் மாரிசெல்வி.

தசரதனுக்குக் காது குளிர்ந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் அவர் ஸ்டூடியோவுக்கு இதுவரை வந்த அத்தனை பேரும் கேட்டது ஒன்றுதான்: பெண்ணின் உள்ளங்கையில் மாப்பிள்ளை நிற்க வேண்டும், சுற்றிலும் ரோஜாப்பூ பறக்க வேண்டும். ஏதோ ஒரு பத்திரிகையில் மலைமேல் நடந்த கல்யாணம் ஒன்றை, யாரையும் நிற்க வைக்காமல், நடந்தது நடந்தபடி எடுத்திருந்ததைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே பித்து. துணிந்து ஒருமுறை அப்படி எடுத்தும் கொடுத்தார். "மாப்ள மூக்கைச் சொறியறதை எல்லாம் ஆல்பத்துல போடுவியா?" என்று பெண்ணின் தாய்மாமன் ஆல்பத்தை வீசியதில், ஷோகேஸ் கண்ணாடிக்குத்தான் சேதம்.

"இன்னாமா சொல்ற? மெய்யாலுமா? போஸே வாணாமா?"

"வேண்டாம்ணே. யாருகிட்டயும் போயி பேச்சுக் குடுத்துராதீங்க, உஷாராயிருவாவ. எங்கம்மாவால வர முடியாது. படத்தைப் பாத்தே அவ மனசு நெறையணும். அதனால கூட்டம் நல்லா விழணும்."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை சக்திகுமார் தலையை மட்டும் ஆட்டினான். ரெண்டு பேரும் தெற்கத்திப் பிள்ளைகள். ஒரகடம் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை.

"கல்யாணம் எங்க?"

"குன்றத்தூர் மலையில, முருகன் கோயில்லண்ணே."

அதை மலை என்று ஊட்டிக்காரன் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். தசரதனுக்கோ அன்று அது இமயமலையாகத் தெரிந்தது.

கிளம்பும்போது மாரிசெல்வி வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் நீட்டினாள். "அவசியம் கல்யாணத்துக்கு வந்துரணும்ண்ணே."

"நான் வராம கேமரா மட்டும் தனியா பஸ் ஏறி வருமா?" என்று சிரித்தார்.

சிரித்தாரே தவிர, வெற்றிலையை ராத்திரி வரை போடவில்லை. ஊரில் பாதிக் கல்யாணத்துக்குப் போனவர் அவர். ஒன்றுக்காவது யாரும் அவரை அழைத்தது கிடையாது. தன் கல்யாணத்துக்கு யாரை அழைப்பது என்ற கவலையும் வராமலே வயது போய்விட்டது. ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஒரு தட்டு. ஷோகேசில் சிரிக்கும் முகங்களோடுதான் பேச்சு. அவை எதிர்த்துப் பேசாது. சாப்பிட்டாயா என்றும் கேட்காது.

முகூர்த்த நாளன்று மலைமேல் நாலைந்து கல்யாணம். திருவிழா மாதிரி ஜனம். தசரதன் தொப்பையை எக்கிக்கொண்டு தூணுக்குத் தூண் ஒளிந்து எடுத்தார். பச்சைச் சட்டைப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரிக்க, அவர் தோளுக்குப் பின்னால் மாரிசெல்வி. அட்சதை தூவும் கைகளுக்கு நடுவே சக்திகுமார். கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைக்க, அவள் அருகே மணமக்கள். "இந்தப் பக்கம்ணே" என்று மாரிசெல்வி கண்ணாலேயே காட்டிய இடமெல்லாம் கூட்டம். தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரிகூட மினுங்கி ஒத்துழைத்தது.

ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சொந்தமா என்று அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இருந்து என்ன, ஒருத்தராவது, 'போட்டோக்காரரே, சாப்டீங்களா?' என்று கேட்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளையே கீழே இறங்கிப்போய் மூன்று பொங்கல் பொட்டலம் வாங்கி வந்தான். மாலையும் கழுத்துமாக இருவரும் படியில் உட்கார்ந்து, அவரை நடுவில் இருத்திக்கொண்டார்கள்.

"இன்னாபா இது, மாப்ளையே சர்வர் வேலை பாக்குறே?"

"நல்லா சாப்பிடுங்கண்ணே" என்று மாரிசெல்வி தன் வடையையும் அவர் இலையில் வைத்தாள்.

ஆல்பம் வாங்க இருவரும் வந்த அன்று தசரதன் ஒரு முடிவோடு இருந்தார். இவளும் வீசினால் கேமராவை விற்றுவிட்டு ஏதாவது கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றுவிடுவது. முன்னெச்சரிக்கையாக ஷோகேசுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

மாரிசெல்வி ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"கலைன்னா அப்படித்தாம்மா, தொண்டைய அடைக்கும்" என்றார் தசரதன், அடக்கமாக.

"கூட்டம் நல்லா விழுந்திருக்குண்ணே. எங்கம்மா நம்பிருவா."

"பச்சைச் சட்டை உன் பெரியப்பாவா? இன்னா சிரிப்புமா அது!"

"அவரு யாருன்னே தெரியாதுண்ணே."

"அப்போ கண்ணு தொடைக்குற கண்ணாடிக்காரம்மா?"

"அவியளும் பக்கத்துக் கல்யாணந்தான். ரெண்டு வீட்டுலயும் எங்களைத் தலைமுழுகிட்டாவ. கூட வேலை பாக்குற பிள்ளையளுக்கும் லீவு தரல. 'நாதியத்து நிக்கப்போற'ன்னு யாருக்கும் தெரியாம போன்ல அழுதா எங்கம்மா. அவளுக்குத்தான் இந்த ஆல்பம்." மாரிசெல்வி ஆல்பத்தை மூடினாள். "ஆனா ஒரு குறைண்ணே. எங்க கல்யாணத்துக்குன்னு வந்தது ஒரே ஒரு ஆளு. அவரு ஒரு படத்துலயும் இல்ல."

தசரதன் பதறிப்போனார். "அடடா, மொதல்லயே கை காட்டியிருக்கலாமேமா! யாரு அந்த ஆளு?"

மாரிசெல்வி ஸ்டூடியோ நாற்காலியைத் தனக்கும் சக்திகுமாருக்கும் நடுவில் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே. நீங்க மட்டும் கேமராவைப் பாக்கலாம்."