பீம்ராவ் போனில் வந்த விளம்பரம்

“உங்கள் டிரெய்லர் லாரிக்கு இன்றே நல்ல விலை! விற்க, இங்கே தொடுங்கள்.”

பீம்ராவின் போனில் வந்த அந்த வரியை முதலாளி சங்கரநாராயணன் இரண்டு முறை உரக்கப் படித்தார். எர்ணாவூர் லாரி ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏலே, என் வண்டியவே விக்கப் பாக்கியா? சாவிய வச்சிட்டு நடையக் கட்டு. இல்லன்னா போலீசுல புடிச்சுக் குடுத்துருவேன்.”

“நான் ஒண்ணியும் பண்ல மொதலாளி. நீ குடுத்த போனு. தொறந்தாலே ரம்மி ஆடு, லோன் வாங்குன்னு ஒரே கலீஜா வந்துகினே கீது. அழிச்சாலும் போவ மாட்டேங்குது.”

“சும்மா வருமாலே? நீ தேடியிருப்ப, அது காட்டுது.”

கடையில் இருப்பதிலேயே மலிவான போனை மொத்தமாக வாங்கி ஓட்டுநர்களுக்குக் கொடுத்தவர் அவர்தான். விளம்பரம் காட்டியே காசு பார்க்கும் போன் என்பதால்தான் அது அவ்வளவு மலிவு என்று அவர் யோசிக்கவில்லை. எவன் எந்த டீக்கடையில் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்று நாற்காலியில் இருந்தபடியே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் யோசித்து, எல்லாப் போனிலும் தம் மெயில் ஐடியையே போட்டுவைத்தார்.

“மத்தவனுவளும் காட்டுங்கலே!”

இன்னாசி நீட்டினார்: ‘பழைய லாரி வாங்குகிறோம்.’ எபினேசர் நீட்டினார்: ‘கனரக வாகன ஏலம்.’

“ஓஹோ, கூட்டுக் களவாணியளா!”

“டீக்கே கடன் சொல்றோம். நாம லாரி யாவாரம் பண்றோமாம், கேட்டியா மாமு?” என்றார் எபினேசர். ஷெட்டே சிரித்தது.

முகம் சிவந்த முதலாளி, கணக்கு எழுதும் ராமசெல்வியைக் கூப்பிட்டார். “நீ படிச்ச புள்ள, சொல்லு. தேடாம இது வருமா?”

அவள் மூன்று போனையும் வாங்கிப் பார்த்தாள். “தேடாம வராது அண்ணாச்சி.”

“கேட்டியளா!”

“ஆனா போனு யாரு கையில இருந்தா என்ன அண்ணாச்சி? ஐடி யாருதோ, அவங்க தேடுனதுதான் எல்லாத்துலயும் வரும்.”

முதலாளி தம் போனை அவசரமாகச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

பீம்ராவ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“எங்கள எப்போ வூட்டுக்கு அனுப்பப் போறே, மொதலாளி?”