ஊக்கு போட்ட செருப்பு

மண்டப வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. வலது செருப்பின் வார் அறுந்து, ஊக்கு போட்டிருந்தது. அது குத்தும்போதெல்லாம், "சனியன்!" என்பாள் சொந்தக்காரி மனோன்மணி.

உள்ளே தியான வகுப்பு. ஆசிரியையின் குரல் மைக்கில் வாசல்வரை கேட்டது. "நடக்கும்போது பாதத்தை உணருங்கள். உங்களைச் சுமக்கும் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லுங்கள்."

"நம்மளத்தான் சொல்றாங்க!" இடது செருப்புக்குக் குரல் தழுதழுத்தது. "இனிமே உன்னைத் திட்டவே மாட்டா, பாரேன்."

"பார்ப்போம்," என்றது வலது.

வகுப்பு முடிந்து, முகமெல்லாம் சாந்தமாக வந்தாள் மனோன்மணி. இடதை மாட்டினாள். வலது காலைப் பக்கத்தில் கிடந்த ஆசிரியையின் புதுச் செருப்பில் நுழைத்தாள். நாலடி நடந்ததும் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே வகுப்புதான்டி! கால் வலி போயே போச்சு!"

"அடியே, நான் இங்க இருக்கேன்!" என்று வலது கத்தியது. யாருக்குக் கேட்கும்?

கடைசியாக வந்த ஆசிரியை, ஏதோ யோசனையில் அந்த வலது செருப்புக்குள் காலை விட்டார். "ஐயோ!" என்று ஒற்றைக் காலில் குதித்தார். "சனியன்!"

"நீங்கதானேம்மா பாதத்தை உணரச் சொன்னீங்க?" என்றது வலது.