மூன்றாம் நாற்காலி

பெருந்தொற்றுக்குப் பிறகு சாத்தூரின் ஒரு சலூனில் முடிவெட்டுபவர்கள் நேரில் நிற்பதில்லை. மூன்று நாற்காலிகளின் மேலேயும் இயந்திரக் கைகள் தொங்கின. வேலை செய்பவர்கள் அவரவர் வீட்டிலிருந்து கையுறை மாட்டி அவற்றை இயக்கினார்கள். முதல் நாற்காலி மருதப்பனுடையது. அது காலியாகக் கிடக்க, வந்தவர்களெல்லாம் மூன்றாவதற்குக் காத்திருந்தார்கள். அதை இயக்குபவன் யாரென்றே தெரியாமல் மருதப்பனுக்கு வயிறெரிந்தது.

குறை கண்டுபிடித்தே தீருவது என்று ஒருநாள் அவனே போய் அதில் உட்கார்ந்தான். கத்தரி பிசகாமல் ஓடியது. குறை கிடைக்காததே எரிச்சலைக் கூட்டியது. காதுக்குப் பின்னால் வந்ததும் கைகள் நின்றன.

"அண்ணே, இது நான் கல்லெறிஞ்சு வந்த தழும்பாச்சே," என்றது ஒலிபெருக்கி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

தங்கை பேச்சியம்மாள். தொழில் கேட்டு வந்தவளை, பொம்பளைக்கு எதுக்குக் கத்தரி என்று விரட்டியவன் அவன்தான்.

"எங்க கத்துக்கிட்ட?"

"நீ வெட்டுறதப் பாத்துத்தான். வீட்டுக்காரர் பேர்ல வேலை பாக்குறேன். பொம்பளைன்னு தெரிஞ்சா ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. சொல்லிராதண்ணே."

அவன் கண்ணாடியைப் பார்த்தான். இருபது வருடத்தில் யாருக்கும் அவன் இவ்வளவு நேர்த்தியாக வெட்டியதில்லை.

வாசலில் முதலாளி கேட்டார். "என்னய்யா, குறை ஏதும் இருக்கா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே கூட்டம் அவன் நாற்காலிக்கு வந்துவிடும். பொறாமை இன்னும் அடங்கவில்லை.

"இல்ல," என்றான் மருதப்பன். "என்னைவிட நல்லா வெட்டுறான்."